நாற்பது நாள் ஒரே பேச்சு

பிப்ரவரி 11, செவ்வாய்

விதைக் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஒரு மாதமாகக் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று எழுதிவைக்கும்படி ஒன்று நடந்ததால் எடுத்தேன். மதியம் ஒன்றரைக்கு மேல் மூன்று மணி வரை ஊத்தோடைப் பிரிவில் கடைப்பக்கம் யாரும் வரமாட்டார்கள். இனி அந்த நேரத்தில் எழுதலாம்.

தோட்டக்கலைத் துறை அலுவலர் பெனிட்டா மேடம் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. இதற்கு முன் இரண்டு தடவை கடைக்கு வந்திருக்கிறார், இரண்டு தடவையும் உரிமத்தைப் பார்க்க, இருப்பைச் சரிபார்க்க. இன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நாப்பது நாளைக்கு மரவள்ளிக்கு மட்டும் மருந்து விக்காம இருக்க முடியுமா?"

சிரித்துவிட்டேன். பூச்சிமருந்துக்கடை வைத்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மரவள்ளியில் மாவுப்பூச்சி இந்த வருடம் சீக்கிரமே வந்துவிட்டது. நுனிக்குருத்தில் வெள்ளைப் பொடி தூவியதுபோல் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். அப்புறம் கிழங்கு வைக்காது. அந்தப் பூச்சியைத் தின்கிற சின்னக் குளவியை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கொண்டுவந்து மரவள்ளிக் காட்டில் விடப்போகிறாராம். மருந்து அடித்தால் குளவி செத்துவிடுமாம்.

யோசிக்கிறேன் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பதினாறு வருடமாகச் சுற்றிலும் ஆறு ஊருக்கு நான்தான் மருந்து சொல்கிறேன். இலையைக் கொண்டுவந்து காட்டினால் போதும், காட்டுக்குப் போகாமலே சொல்லிவிடுவேன். எட்டு மாதத்துக்காரர் சொல்லி எனக்குத் தெரிய வேண்டியது அதிகம் இருக்காது.

பிப்ரவரி 12

கத்தரி விதைப் பாக்கெட்டுகளை எலி கடித்துவிட்டது. அலமாரி முழுக்க இறக்கித் துடைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 15, சனி

வையாபுரி இரண்டரை ஏக்கர் குச்சி நட்டிருக்கிறார். இங்கே மரவள்ளிக்குக் குச்சிக்கிழங்கு என்றுதான் பெயர். கையில் சுருண்ட குருத்தோடு வந்தார்.

"வழக்கமான கலவைதானே?" என்று மருந்தை எடுக்கப் போனேன். போன வருடம் நான் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தேன். அதற்கு ஊரில் என் பெயரிலேயே சாந்தாமணி கலவை என்று பேர்.

"இருங்கம்மணி. ஆபீசரு மேடம் அடிக்கவே அடிக்காதீங்கறாங்க. மில்லுக்காரரு கெழங்கு வந்ததுவரைக்கும் புடுங்கிப் போடுங்கறாரு. நீங்க கலந்து அடிங்கறீங்க. மூணு பேரும் படிச்சவங்கதான். நான் ஆரு பேச்சக் கேக்கறது?"

"என் பேச்சைத்தான். இத்தன வருசமா ஆரு பேச்சக் கேட்டீங்க?"

அவர் சிரிக்கவில்லை. யோசனை பண்ணிட்டு வரேனுங்க என்று போய்விட்டார். வாங்காமல் போனார் என்பதை எழுதிவைக்கிறேன். இப்படி நடந்ததில்லை.

பிப்ரவரி 19

மேற்கே இரண்டு பேருக்கு மிளகாய் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏரிக்கரை வழியாகப் போனேன். சுற்றுதான், ஆனாலும் பாவாயியக்கா காட்டை ஒட்டிய நேர்வழி ஒரே புழுதி.

பிப்ரவரி 24, திங்கள்

பெனிட்டா மேடம் விடவில்லை. குளவி விட்ட ஊரை நீங்களே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். துரைக்கண்ணு அண்ணனும் வந்தார். அவர் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லின் ஃபீல்ட்மேன், இருபது வருடமாக டி.வி.எஸ்ஸில் சுற்றுகிறார். எந்தக் காட்டில் எப்போது கிழங்கு பிடுங்கலாம், அடுத்த நடவுக்கு விதைக்குச்சி எங்கே வெட்டலாம் என்று சொல்வது அவர்தான். அவர் வந்ததற்குக் காரணம் மில்லுக்குக் கிழங்கு வேண்டும் என்பது. நான் போனதற்குக் காரணம் என்ன வித்தை என்று பார்த்துவிடலாம் என்பது.

இருபத்தைந்து கிலோமீட்டர். காடு பச்சையாக நின்றது. மேடம் ஒரு குருத்தை ஒடித்து லென்ஸோடு கொடுத்தார். மாவுப்பூச்சிகள் பழுப்பாக, கெட்டியாக, சுருங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. உள்ளே வளர்ந்த குளவி அந்த வழியாகத்தான் வெளியே வருமாம்.

"இவங்க மருந்தே அடிக்கலையா?"

"இந்த ஊர்ல மருந்துக்கடை கிடையாதுக்கா" என்றார் மேடம். கேலியாகச் சொல்லவில்லை. துரைக்கண்ணு அண்ணன்தான் இருமுவதுபோல் சிரித்தார்.

திரும்பி வரும்போது யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. பூச்சி மாவுக்குள்ளே, சுருண்ட குருத்துக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. மருந்து அங்கே போவதற்குள் வெளியே திரிகிற பொறிவண்டும் சிலந்தியும் குளவியும் சாகின்றன. பதினைந்து நாளில் பூச்சி இரண்டு பங்காகத் திரும்பி வருகிறது. போன வருடம் அப்படித்தான் வந்தது. வெயில் அதிகம், அதனால் என்று எல்லோருக்கும் சொன்னேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

மூன்று பேரும் என் கடையில் உட்கார்ந்தோம். நான்தான் கூப்பிட்டேன்.

"விக்கிறதா வேண்டாமாங்கறது அப்பறம். மொதல்ல மூணு பேரும் ஒரே பேச்சுப் பேசணும். வையாபுரி கேட்ட கேள்விய இனி ஒருத்தரும் கேக்கக் கூடாது" என்றேன்.

இரண்டு மணி நேரம் ஆனது. சுருண்ட நுனியை ஒடித்து எரிப்பது, பத்தாம் தேதி குளவி விடுவது, அன்றிலிருந்து நாற்பது நாள் மரவள்ளிக்கு மருந்து கிடையாது. அடுத்த நடவுக்குச் சுத்தமான காட்டிலிருந்து மட்டும் குச்சி. ஆறு ஊரிலும் யார் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வர வேண்டும்.

இதில் சண்டை வரவில்லை. நோட்டீஸில் யார் பெயரை மேலே போடுவது என்பதில் வந்தது. துறையின் பெயர்தான் மேலே இருக்க வேண்டும் என்றார் மேடம். மில்தானே அச்சடிக்கிறது என்றார் துரைக்கண்ணு அண்ணன்.

"ஒருத்தர் பேரும் வேண்டாம். மூணு போன் நம்பரைப் போடுங்க. ஆருக்கு ஆரு மேல நம்பிக்கையோ அவங்களுக்குக் கூப்புடட்டும்" என்றேன். அப்படியே முடிந்தது. பால் சொசைட்டியிலும், மில் எடைமேடையிலும், என் கடை வாசலிலும் ஒட்டியாயிற்று.

நான் இதைச் செய்வது என் கடைக்காகத்தான். ஊரில் கிழங்கே இல்லாமல் போனால் நான் யாருக்கு விற்பது?

மார்ச் 10, திங்கள்

காலை ஆறு மணிக்குக் குளவி விட்டோம். பிளாஸ்டிக் குழாய்க்குள் தூசி பறப்பதுபோல் இருந்தது. கடுகில் பாதிகூட இல்லை. குளவி என்றதும் பயந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம், "இதுவா?" என்றார்கள்.

பன்னிரண்டு காடு. கிழக்கே உள்ள ஏழு காட்டுக்கு நான் போனேன். பாவாயியக்கா காடும் சேர்ந்த மேற்கே ஐந்தையும் மேடத்தையே பார்க்கச் சொன்னேன். அவருக்கு ஜீப் இருக்கிறது.

மார்ச் 14

மரவள்ளிக்கு என்று வந்து நோட்டீஸைப் படித்துவிட்டுத் திரும்பியவர்கள் நாலு பேர். இரண்டு பேர் ஆத்தூர் பஸ் ஏறினார்கள். கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

சத்தீஸ்கரிலிருந்து வீட்டுக்காரர் பேசினார். போர்வெல் லாரியோடு போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் காதுக்கும் எப்படியோ போய்விட்டது.

"என்ன சாந்தா, கடையச் சாத்திப்போட்டுக் கோயிலுக்குப் போறியா?"

"தக்காளிக்கு விக்கறேன், மிளகாய்க்கு விக்கறேன். குச்சிக்கு மட்டுந்தான் இல்ல."

"நீ சொன்னா ஊரு கேக்குமா?"

"கேக்கும்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மார்ச் 19, புதன்

சந்தேகம் இல்லை என்று எழுதி மூன்று நாள்தான் ஆகிறது.

காலையில் வையாபுரி காட்டைத் தாண்டும்போதே மருந்து நெடி மூக்கில் ஏறியது. நான்கு பேர் முதுகில் பவர் ஸ்பிரேயரோடு உள்ளே நின்றார்கள். மாரப்பன் குழு. இந்தப் பக்கத்தில் கூலிக்கு மருந்தடிப்பது முழுக்க அவன் ஆட்கள்தான். மருந்து ஆத்தூரில் வாங்கியது. அந்தக் காட்டிலும் பக்கத்துக் காட்டிலும்தான் ஒன்பது நாளைக்கு முன் நான் என் கையால் குளவியை விட்டேன்.

வண்டியை நிறுத்திக் கத்தினேன். "மாரப்பா, நோட்டீசு பாக்கலியா நீ?"

அவன் மிஷினை அணைத்துவிட்டு வரப்புக்கு வந்தான். முகத்தில் கட்டியிருந்த துண்டை நிதானமாக அவிழ்த்தான்.

"பாத்தனுங்கக்கா. மூணு நம்பர் போட்டிருந்துச்சு. நீங்க மூணு பேரும் உக்காந்து பேசுனீங்க, நாப்பது நாளு அடிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணுனீங்க. அடிக்கற ஆளு நானு. என்னைய ஒரு வார்த்த கூப்ட்டீங்களா? எங்கிட்ட எட்டுக் குடும்பம் இருக்குதுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். வையாபுரி மரத்தடியில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடத்துக்குப் போன் செய்தேன். அழுகை வந்துவிட்டது அவருக்கு. புகார் எழுதப்போகிறேன் என்றார். "எழுதாதீங்க, மேடம். அவன் சொல்றது நெசம்" என்றேன்.

நெசம்தான். மேடத்தை மாதம் ஒரு முறை பார்ப்பார்கள். துரைக்கண்ணு அண்ணனைக் கிழங்கு பிடுங்கும்போது பார்ப்பார்கள். என்னை வாரம் ஒரு தடவை. மாரப்பன் தினமும் காட்டுக்குள்ளேயே நிற்கிறான். கடைசியாக எல்லோரும் அவனிடம்தான் கேட்கிறார்கள், அடிக்கலாமா என்று.

மார்ச் 21, வெள்ளி

நாலாவது நாற்காலி போட்டேன். மாரப்பன் அதில் உட்காரக் கொஞ்ச நேரம் ஆனது.

துரைக்கண்ணு அண்ணன் இரண்டு நாளாக மில் முதலாளியின் பின்னாலேயே அலைந்திருக்கிறார். சுருண்ட நுனியை ஒடித்து எரிக்கிற வேலையை மாரப்பன் குழுவுக்கே கொடுப்பது, கூலி மில் தருவது என்று முடிவு வாங்கிவந்திருந்தார். மேடம் கை லென்ஸ் இரண்டு கொண்டுவந்திருந்தார்.

மாரப்பன் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். (இத்தனை நாள் அவன் இவன் என்றுதான் எழுதினேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பேசியபின் கை வரவில்லை.)

"எந்தக் காட்டுல எந்த மூலையில பூச்சின்னு நான் சொல்றனுங்க. ஆபீசுல கணக்கு எழுதறதவிட அது சரியா இருக்கும். ஆனா ஒண்ணுங்கக்கா. நாப்பது நாளு முடிஞ்சாலும் அந்தக் கலவைய நாங்க தூக்க மாட்டோம். போன வருசம் பசங்க கையெல்லாம் வெந்து போச்சு."

எனக்கு அது தெரியாது என்றேன்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். தெரியாது என்று சொன்னது சரியில்லை. போன ஏப்ரலில் மாரப்பன் கடைக்கு வந்து கையை நீட்டிக் காட்டினார். களிம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆளுக்கு மருந்து எடுக்கப் போய்விட்டேன்.

மார்ச் 24

பெனிட்டாவை மேடம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அவளே சொன்னாள். வையாபுரி காட்டில் ஐந்து பேர் காலை முழுக்க நுனி ஒடித்தார்கள். அங்கே மறுபடி குளவி விட இன்னும் பத்து நாள் ஆகும் என்கிறாள், மருந்தின் வீரியம் போக வேண்டுமாம்.

மார்ச் 29, சனி

பால் சொசைட்டி வாசலில் சாயங்காலம் கூட்டம். எழுபது பேர் இருப்பார்கள். பெனிட்டா பேசினாள், துரைக்கண்ணு அண்ணன் பேசினார். மாரப்பன் எழுந்து, "நானும் அடிக்க மாட்டனுங்க, ஆருங் கூப்புடாதீங்க" என்று ஒரே வரி சொல்லி உட்கார்ந்தார். அதற்குத்தான் கூட்டம் அசைந்தது.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "போன வருசம் அடி அடின்னு சொன்ன அதே வாயிதானுங்களே இன்னிக்கி அடிக்காதேங்குது?"

என்னைத்தான். பெனிட்டா எனக்காகப் பதில் சொல்ல எழுந்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

பாவாயியக்கா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்தே பேசினேன். பேச வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை.

"ஆமாங்க, அதே வாயிதான். அந்தக் கலவைய எந்தக் கம்பெனியும் சொல்லல, எந்த ஆபீசரும் சொல்லல. நானாக் கலந்தது. மொதத் தடவ அடிச்சப்ப பூச்சி கொட்டுச்சு, எல்லாரும் வந்து வாங்குனீங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு. பாவாயியக்கா காட்டுக்கு மட்டும் ஆறு தடவ குடுத்தேன். நாலாவதுக்கே அது வேல செய்யலன்னு எனக்குத் தெரியும். அதுக்கப்பறமும் ரெண்டு தடவ குடுத்தேன். தப்பு என்னுது."

பாவாயியக்கா எழுந்தார்.

"தெரிஞ்சா குடுத்த?"

"ஆமாங்கக்கா."

அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். இரண்டு ஏக்கரிலும் விரல் கனத்துக்குக்கூடக் கிழங்கு இல்லாமல், போன வருடம் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனவர் அவர். இந்த வருடம் மறுபடி குச்சி நட்டதே பெரிய தைரியம்.

மார்ச் 30

கடை திறந்தேன். சாமந்திக்கு உரம் கேட்டு ஒருவர் வந்தார்.

ஏப்ரல் 2, புதன்

பதினோரு மணிக்கு மாரப்பன் போன். "அக்கா, பூச்சி கருவாடாயிருச்சுங்க!"

முதலில் புரியவில்லை. பெனிட்டா எங்களுக்கு லென்ஸில் காட்டினாளே, அந்தப் பழுப்புப் பூச்சி. மாரப்பன் அதற்கு வைத்த பெயர் கருவாடு. எங்கே என்று கேட்டேன். பாவாயியக்கா காட்டில் என்றார்.

ஏரிக்கரையைச் சுற்றவில்லை. நேர்வழியில் போனேன். அந்த வழியில் புழுதி ஒன்றும் இல்லை, போன வருடமே தார் போட்டுவிட்டார்கள். அதையும் இங்கே எழுதிவிடுவது நல்லது.

மாரப்பன் ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துக் காட்டினார். பத்துக் குருத்தில் ஆறில் கருவாடு. பெனிட்டா வந்து சேர்ந்து எண்ணும்போது ஏழாகிவிட்டது. வரப்பில் நின்று போனில் மேலதிகாரியிடம் அவள் கத்திய கத்தில் பக்கத்துக் காட்டு ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

பாவாயியக்கா நாலு வரிசை தள்ளிக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குருத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்.

"செத்திருச்சா?"

"செத்திருச்சுங்கக்கா. உள்ள குளவி இருக்குது. அது வெளிய வந்து அடுத்ததப் புடிக்கும்."

குருத்தைக் கீழே போடாமல் செடியின் கவட்டையிலேயே வைத்துவிட்டுக் களைக்கொத்தை எடுத்தார். நானும் அந்த வரிசை முடிகிறவரை கூடவே உட்கார்ந்து களை பிடுங்கினேன். போ என்றும் அவர் சொல்லவில்லை.

ஏப்ரல் 7

கருவாடு நிறைய இருக்கிற குருத்துகளை மாரப்பன் ஆட்கள் கூடையில் எடுத்துப்போய் இல்லாத காடுகளில் வைக்கிறார்கள். பெனிட்டா புதுக் குளவிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள். அது வருவதற்குள் இவர்கள் ஆறு ஊரையும் முடித்துவிடுவார்கள்போல் இருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விடியலில் நல்ல மழை. பாயசம் வைத்து மூன்று பேர் வீட்டுக்கும் கொடுத்தேன். மாரப்பன் மனைவி தூக்குவாளியில் எலுமிச்சை சாதம் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

நாற்பது நாள் நேற்றோடு முடிந்தது. நோட்டீஸைக் கிழிக்கலாமா என்று துரைக்கண்ணு அண்ணனைக் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும் அம்மணி, என்ன சோறா கேக்குது?" என்றார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பன்னிரண்டில் ஒன்பது காடு தப்பியது. இரண்டில் பாதி தப்பியது. வையாபுரி காடு போய்விட்டது, உழுது சோளம் போடப்போகிறார். நேற்று வந்து என் முன்னால் நின்று, "உங்க மேல கோவமில்லீங்க, மொதல்லயே நீங்க மூணு பேரும் பேசியிருக்கலாமுங்க" என்றார். நாலு பேர் என்று திருத்தினேன். ஒத்துக்கொண்டார்.

மே 5, திங்கள்

பெனிட்டா அறிக்கைப் படிவத்தைக் கடைக்கே கொண்டுவந்து நிரப்பினாள். செயல்படுத்தியவர் பெயர் என்கிற கட்டம் ஒரு விரல் அகலம்தான். அதில் பொடிப்பொடி எழுத்தில் நாலு பேரையும் எழுதினாள். மாரப்பன் பெயருக்கு எதிரே பதவி கேட்டிருந்தது. ஐந்து நிமிடம் யோசித்து, களப் பரிசோதகர் என்று போட்டாள். மேலே இருப்பவர்கள் அடித்துவிட்டால் மறுபடி எழுதிக் கொடுப்பாளாம்.

மே 19

ஆத்தூர் மருந்துக்கடைக்காரர்கள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் கேட்பதற்கு, பாதிப் பேர் சண்டை போடுவதற்கு. போகப்போகிறேன். இரண்டுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. மாரப்பனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், கையைக் காட்டட்டும்.

ஜூன் 9, திங்கள்

கடை திறந்து தண்ணீர் தெளிப்பதற்குள் வாசலில் ஆள். பாவாயியக்கா. கடைக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கையில் காகிதத்தில் சுற்றி நாலைந்து மரவள்ளி இலை.

"எலையில புள்ளி புள்ளியா வருது. இதுக்கு மருந்து வேணுமா, வேண்டாமா? நீயே சொல்லு" என்று பலகைமேல் வைத்தார்.

பழைய மாதிரி பார்த்த மாத்திரத்தில் சொல்லவில்லை. லென்ஸை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். எத்தனை செடியில், கீழ் இலையா மேல் இலையா என்று கேட்டேன். கடையைப் பாதி சாத்திவிட்டு அவரோடு காட்டுக்கே போய்ப் பார்த்தேன். செடி என் தோளுக்கு நிற்கிறது. புள்ளி கீழ் இலைகளில் மட்டும்தான், உதிரப்போகிற இலைகள்.

"வேண்டாங்கக்கா. ஒண்ணும் அடிக்க வேண்டாம். ரெண்டு வாரத்துல மேல ஏறுச்சுன்னா வந்து சொல்லுங்க."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான்."

தலையை ஆட்டினார். வரப்பில் இறங்கி மடைமாற்றப் போய்விட்டார், வேறு யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கடையை முழுசாகத் திறந்தேன்.